மிலோங்கான்னா 'நடன அரங்கம்' இல்லைங்க

இந்த மாசத்துல மூணாவது தடவை பாத்துட்டேன். அர்ஜென்டினா தலைநகர் புவெனஸ் ஐரெஸ் பயணம் பத்தி எழுதுற யாரா இருந்தாலும், ஜனங்க கூடி ஜோடியா டாங்கோ ஆடுற மிலோங்காவை "டாங்கோ நடன அரங்கம்"னு போட்டுட்டுப் போறாங்க. இதுக்கு மேல பேசாம இருக்க முடியல.

சொல்லோட கதை சுருக்கமா. அங்கோலாவோட கிம்புந்து மொழியில 'முலோங்கா'ன்னா சொல், அதோட பன்மைதான் மிலோங்கா, அடிமைகளா கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களோட தென் அமெரிக்காவுக்கு வந்ததுன்னு பலரும் சொல்றாங்க. 19ஆம் நூற்றாண்டுல கிட்டாரோட பாடுற ஒரு பாட்டு வகைக்குப் பேரா இருந்து, அப்புறம் ஒரு ஆட்டத்துக்கு, அப்புறம் ஜனங்க கூடி டாங்கோ ஆடுறதுக்கே பேராயிடுச்சு. மூணு அர்த்தமும் இன்னிக்கும் இருக்கு.

சரி, அரங்கம்னா என்ன? அரங்கேற்றம்னு சொல்றோமே, அங்க ஆடுறவங்க மேல, பாக்குறவங்க கீழ. மிலோங்காவுல அந்தப் பிரிவே கிடையாது, உக்காந்திருக்கிறவங்கதான் எழுந்து ஆடுவாங்க. மூணு நாலு பாட்டு சேர்ந்தா ஒரு தாந்தா, நடுவுல கொர்த்தினான்னு வேற இசை கொஞ்சம், உடனே எல்லாரும் அவங்கவங்க மேசைக்குப் போயிடணும், அடுத்து கூட ஆட ஒருத்தரைத் தூரத்துலேர்ந்தே கண்ணால கேக்கணும், அவங்க தலையசைப்பால ஒத்துக்கணும். இதுக்கு கபெசேயோன்னு பேரு. மாட்டேன்னா பார்வையைத் திருப்பிக்கலாம், நாலு பேர் முன்னாடி யாருக்கும் அவமானம் இல்ல. எவ்வளவு நாகரிகம்!

இப்ப வெளிநாட்டுக்காரங்க விஷயம். 2002 ஜனவரியில அர்ஜென்டினா பணமான பெசோவோட மதிப்பு சரிஞ்சப்புறம் டாலரோட வர்றவங்களுக்கு அந்த ஊர் ரொம்ப மலிவாச்சு, 2009ல யுனெஸ்கோ டாங்கோவைப் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேத்தது, கூட்டம் இன்னும் பெருகுச்சு. நுழைவுக் காசு வந்ததால நடத்துறவங்களுக்கு நல்லதுதான், வருஷக்கணக்கா கத்துக்கிட்டு மரியாதையா ஆடுறவங்களும் உண்டு. ஆனா அரங்கம்னு நெனச்சு வர்றவங்க குழுவா உக்காந்து தங்களுக்குள்ளயே ஆடுறாங்க, நேரா மேசைக்குப் போய் கையை நீட்டுறாங்க, ஷோவுல பாத்த மாதிரி காலை வீசுறாங்க, ஜோடிங்க கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா நெருக்கமா நகர்ற வட்டம் அங்கயே கலையுது, ஓரத்துல ஒருத்தர் போனைத் தூக்கி வீடியோ எடுக்குறாரு. நம்ம தப்பான சொல்லும் தமிழ் வாசகரை அதே ஓரத்துலதான் கொண்டுபோய் உக்கார வைக்குது.

'நடன விடுதி'ன்னும் எழுதுறாங்க, அது இன்னும் மோசம், யாரும் அங்க தங்குறதில்ல. கட்டடத்தைச் சொல்றதே தப்பு. ஒரே கூடத்துல ஒவ்வொரு கிழமையும் வேற வேற மிலோங்கா நடக்கும், ஒவ்வொண்ணையும் நடத்துறவங்க வேற. வீஷா உர்கிசா பகுதியில சண்டர்லேண்ட் கிளப் மிலோங்கா நடக்குறது பாஸ்கெட்பால் மைதானத்துல!

அதனால 'ஆடல் கூடல்'னு சொல்லலாம்ங்கிறேன். கூடல்னா காதலர் சேர்றது இல்லையான்னு கேப்பாங்க, ஊர் கூடுறதும் கூடல்தானே. கூடியாட்டம்னு வைக்கலாம்னா அது கேரளத்து நாடகமாயிடும். இல்லன்னா மிலோங்கான்னே எழுதிட்டு ஒரு வரி விளக்கம் குடுங்க, போதும்.

மிலோங்காவுக்கு வழக்கமா போற மிலோங்கேரோவை 'நடனக் கலைஞர்'னு போடுறதையும் விடுங்க. அவர் மேடையே ஏறாம, பகல்ல ஏதோ வேலை பாத்துட்டு, நாப்பது வருஷமா ராத்திரியில ஆடிட்டு வர்ற மனுஷன். ஆட்டக்காரர்னு சொல்லுங்க.