ஆறேழு நொடியில் ஒரு பாதை

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்குப் புறப்படும் விமானத்தில், ஏறுபாலம் விலகியதும் கதவுகளை 'ஆர்ம்' செய்யச் சொல்லிச் சிப்பந்திகளுக்கு ஓர் அறிவிப்பு வரும். நாம் பெரும்பாலும் அதைக் காதில் வாங்குவதில்லை. ஆபத்து நேரத்தில் பயணிகள் வழுக்கி இறங்குவதற்காகக் கதவின் அடிப்பகுதியில் மடித்து வைத்திருக்கும் சறுக்கு, அந்த நொடியில்தான் வாசற்படியோடு பிணைக்கப்படுகிறது. அப்புறம் உள்ளிருந்து கதவைத் திறந்தால், சறுக்கு வெளியே விழுந்து தானாகவே உப்பிவிடும்.

அதற்கு ஆகும் நேரம் ஆறேழு நொடிதான். இவ்வளவு பெரிய சறுக்கை நிரப்பும் அளவுக்கு வாயுவைச் சுமந்தால் பாரம் தாங்காது. அதனால் உயர் அழுத்தத்தில் அடைத்த ஒரு சிறு உருளைதான் உள்ளே இருக்கும். அதிலிருந்து வாயு குறுகிய துளைகள் வழியாகப் பீறிடும்போது, சுற்றியுள்ள காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. சமையலறை கேஸ் அடுப்பு காற்றை இழுத்துக்கொள்வதும் இதே முறையில்தான். சறுக்கை நிரப்புவதில் பெரும்பங்கு வெளிக்காற்று. நிரம்பியதும் தடுக்கிதழ்கள் மூடிக்கொள்ளும். காற்று திரும்பி வராது.

துணியின் மேல் பூசியிருக்கும் வெள்ளிநிறம் தீயின் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்காக. 1978ல் லாஸ் ஏஞ்சலிஸில் தீப்பிடித்த ஒரு டிசி-10 விமானத்தின் சறுக்குகள் வெப்பத்தில் செயலிழந்தன. வெப்பம் தாங்கவேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்தது.

பாதிக் கதவுகள் மட்டும் திறந்திருக்க, அவசர விளக்கு வெளிச்சத்தில், 90 நொடிக்குள் எல்லாரும் வெளியேற முடியும் என்று விமானத் தயாரிப்பாளர் நிரூபிக்கவேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2007ல் முதன்முதலாகப் பயணிகளுடன் பறக்கவிட்ட ஏ380 விமானத்துக்கு, அதற்கு முந்தைய ஆண்டு ஹாம்பர்க்கில் அந்தச் சோதனை நடந்தது. 16 கதவுகளில் 8 மட்டும், 873 பேர், 78 நொடி. கதவுக்குச் சுமார் 109 பேர், ஆளுக்கு முக்கால் நொடிகூட இல்லை. அங்கே ஒருவர் பையை இறக்க ஐந்து நொடி நின்றால், அவர் பின்னால் ஏழு பேர் காத்திருக்கிறார்கள்.

ஆனாலும் சறுக்கு கடைசி வழிதான். இறங்குகையில் கால் சுளுக்கும், எலும்பு முறியும். 2010 நவம்பரில் என்ஜின் வெடித்துச் சாங்கிக்குத் திரும்பிய குவாண்டாஸ் ஏ380இலிருந்து எரிபொருள் கசிந்தது. ஒரு என்ஜினை அணைக்கவே முடியவில்லை. கீழே பரவிய எரிபொருளுக்கு நடுவே 469 பேரைச் சறுக்கவிடாமல், சிப்பந்திகளைக் கதவருகே தயாராக நிறுத்திவிட்டு, ஒரே பக்கம் படிக்கட்டில் இறக்கினார்கள். மிகச் சரியான முடிவு அது.

2024 ஜனவரியில் டோக்கியோ ஹனேடாவில் அப்படிக் காத்திருக்க வழியில்லை. தரையிறங்கும்போது ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350, கடலோரக் காவல் விமானத்தின்மீது மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் ஐவர் இறந்தனர். ஏ350இல் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. சிப்பந்திகள் வெளியே தீ இருக்கிறதா என்று பார்த்து, எட்டில் மூன்று கதவுகளை மட்டும் திறந்தார்கள். பையை விடச் சொல்லிக் கத்தினார்கள். பயணிகள் அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்கள். விமானம் முழுதாக எரிந்துபோனது. அதிலிருந்த 379 பேரும் பிழைத்தார்கள்.