கம்பம் முகவரியில் பதிந்த சிலிண்டர், வண்டிப்பெரியாறில் எரியும் அடுப்பு

தேனி மாவட்டத்துக் கம்பத்திலும் கூடலூரிலும் விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்குக் கிளம்பும் ஜீப்பில் சில நாள் ஒரு கேஸ் சிலிண்டரும் ஏறும். குமுளி தாண்டி, வண்டிப்பெரியாறு பக்கம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறது. கனெக்‌ஷன் கம்பத்தில் அப்பா பெயரில், சோறு வேகிறது கேரளத்தில். எங்கள் சித்தி வீட்டிலும் நாலு வருஷம் இப்படித்தான் ஓடியது. யாருக்கும் இது தப்பாகத் தோன்றவில்லை. கேஸ் விபத்துக்கு ஒரு காப்பீடு இருக்கிறதே, அது எந்த வீட்டுக்கு என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

முதலில் அந்தக் காப்பீட்டைப் பார்ப்போம். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் தங்கள் வாடிக்கையாளர்களுக்காக ஒரு பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. பிரீமியத்தை அவையே கட்டுகின்றன. நாம் தனியாகப் பணம் கட்டவோ படிவம் நிரப்பவோ வேண்டியதில்லை. சமையல் கேஸ்தான் தீக்கு மூலகாரணம் என்று விசாரணையில் தெரிந்தால், உயிரிழப்புக்கு ஆளுக்கு 6 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவுக்கு ஒரு விபத்துக்கு 30 லட்சம் வரை, அதில் ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம். வீடு, பொருள் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை. வாட்ஸ்அப்பில் சுற்றும் 'ஒவ்வொரு சிலிண்டருக்கும் 50 லட்சம்' செய்தியை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம்.

இதில் பொருள் சேதத்துக்கான 2 லட்சத்தோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது: சேதம் வாடிக்கையாளரின் பதிவு செய்த முகவரியில் நடந்திருக்க வேண்டும். கம்பத்து முகவரி எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு வண்டிப்பெரியாறில் எரிந்துபோன கூரைக்குப் பணம் கேட்க முடியாது. மற்ற இழப்பீடுகளுக்கும், இந்த சிலிண்டர் யாருடையது, இங்கே எப்படி வந்தது என்ற கேள்வி முதலில் வரும்.

சரி, முறையாக மாற்றுவது எப்படி? குடும்பமே ஊர் மாறுகிறது என்றால், பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, இணைப்பை முடித்ததற்கான டெர்மினேஷன் வவுச்சர் வாங்க வேண்டும். ஏஜென்சியில் 'டிவி போடணும்' என்பார்கள், அது இதுதான். முன்பு கட்டிய டெபாசிட் திரும்பி வரும். அந்த வவுச்சரைப் புது ஊர் ஏஜென்சியில் காட்டி, இன்றைய டெபாசிட்டைக் கட்டி இணைப்பு எடுக்கலாம். 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் 2022-இல் 2,200 ரூபாய் ஆனது, ரெகுலேட்டருக்கு 250. அதற்கு முன் கட்டிய டெபாசிட் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே கையிலிருந்து கொஞ்சம் போகும். இதற்குப் பயந்துதான் பலர் மாற்றாமலே இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அப்பா கம்பத்திலேயே இருக்க, மகள் மட்டும் மலைமேல் தனிச் சமையல் என்றால் அவள் பெயரில் தனி இணைப்புதான் சரி. லயத்து வீட்டுக்கு முகவரிச் சான்று இல்லையே என்பார்கள். ரேஷன் கார்டோ ஆதாரோ புது முகவரிக்கு மாறாவிட்டால், கெசட் அதிகாரி ஒப்பமிட்ட சுய உறுதிமொழியைக் கொடுத்துக் கேட்கலாம். அதுவும் தோதுப்படாதவர்களுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் உண்டு. அதற்கு முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். சீசனுக்கு வந்து மூன்று மாதம் தங்குகிறவர்களுக்கு இதுதான் தோது.

பெயர் விஷயமும் உண்டு. தாத்தா இறந்து பத்து வருஷம் ஆகியும் அவர் பெயரிலேயே சிலிண்டர் வரும் வீடுகள் எல்லையின் இரண்டு பக்கமும் ஏராளம். இறப்புச் சான்றிதழும் வாரிசுக்கான தாள்களும் கொண்டுபோய் ஏஜென்சியில் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்.

காப்பீடு கிடைக்க, வீட்டில் இருக்கும் சாமானும் சரியாக இருக்க வேண்டும். அடுப்பிலும் டியூபிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூப் 5 வருஷம் தாங்கும், காலாவதித் தேதி அதிலேயே அச்சாகியிருக்கும். பச்சை பிளாஸ்டிக் குழாயை மாட்டி ஓட்டுவது வேண்டாம். 5 வருஷத்துக்கு ஒரு முறை ஏஜென்சி மெக்கானிக் வந்து கட்டாயச் சோதனை செய்ய வேண்டும். அடையாள அட்டை காட்டச் சொல்லுங்கள், ரசீது வாங்குங்கள். 'கம்பெனியிலிருந்து வர்றோம்' என்று சொல்லி விலை கூட்டி டியூப் விற்கும் ஆட்கள் தோட்டத்துப் பக்கம் அடிக்கடி வருகிறார்கள்.

சிலிண்டரின் மேல்வளையத்துக்குக் கீழே பட்டையில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் வருஷம். அந்தக் காலாண்டு கடந்த சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டியது, அதை வாங்காமல் திருப்பி அனுப்பலாம். வால்வு மேல் நூலில் தொங்கும் வெள்ளை மூடியைக் கழற்றி எறியாதீர்கள். கசிவு வந்தால் முதலில் தேடப்போவது அதைத்தான்.

மலையில் குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். பக்கத்திலேயே விறகடுப்பும் எரியும் லயத்துச் சமையலறையில் அது மிக ஆபத்து. வாடை வந்தால் அடுப்புத் தீயையெல்லாம் அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் எண், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒன்றேதான். மலையாளத்தில் பேசினால், சிலிண்டரைக் 'குற்றி' என்று சொன்னால் சட்டெனப் புரியும்.

விபத்தே நடந்துவிட்டால் தீயணைப்பு, போலீஸ் இரண்டுக்கும் சொல்லிவிட்டு, ஏஜென்சிக்கு எழுத்தில் தகவல் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு நாம் நேராக ஓட வேண்டியதில்லை, ஏஜென்சி எண்ணெய் நிறுவனத்துக்குச் சொல்ல, அங்கிருந்து காப்பீட்டுக்காரர்களுக்குப் போகும். எஃப்.ஐ.ஆர்., மருத்துவமனை பில்கள், டிஸ்சார்ஜ் சீட்டு, உயிரிழப்பு என்றால் இறப்புச் சான்றிதழும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் தேவைப்படும். கருகிய சிலிண்டர், டியூப், ரெகுலேட்டர் எதையும், விசாரணைக்கு வருபவர்கள் பார்த்துப்போகும் வரை இடம் மாற்றவோ பழைய இரும்புக் கடையில் போடவோ வேண்டாம்.