பிஎச்.டி. சேர்ந்ததும் எத்திக்ஸ் விண்ணப்பம் போடுங்கள்

உயிர்மருத்துவத்தில் பிஎச்.டி. சேர்ந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை பேப்பர் போடணும் சார்?" என்பதுதான். 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிகளில் கட்டுரை வெளியீடு கட்டாயமில்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் அதைக் கேட்கலாம். உங்கள் விதிப்புத்தகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள், சீனியர் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

காலக்கணக்கு எளிது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு. பெண்கள் மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் வரை எடுக்கலாம். கோர்ஸ் வொர்க்கில் குறைந்தது 12 கிரெடிட், 55 விழுக்காடு மதிப்பெண். இதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை.

காலம் கரைவது அனுமதிகளில். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு நெறிப்படி நடக்குமா என்று பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியில் உட்கார்ந்து நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: மாணவர் ரத்தம், திசு போன்ற மாதிரிகளைச் சேகரித்து முடித்துவிட்டு, பிறகு விண்ணப்பிக்கிறார். அதற்கு எங்களால் பின்தேதியிட்டு அனுமதி தர முடியாது. "பரிசோதனைக் கூடத்தில் மிச்சமான ரத்தம்தானே" என்பார்கள். அதற்கும் கமிட்டியின் பார்வை வேண்டும். நோயாளியின் ஒப்புதல் படிவம் தேவையா, விலக்குத் தரலாமா என்பதைக் கமிட்டிதான் முடிவு செய்யும், மாணவரோ கைடோ அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டு நெறிகள் மாணவர் ஆய்வுக்கும் பொருந்தும்.

எலி, சுண்டெலியில் வேலை என்றால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், விலங்குக் கூடமும் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். மரபணு மாற்றம் செய்கிறீர்கள் என்றால் உயிரிப்பாதுகாப்புக் குழு. மருந்துச் சோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ என்ற தேசியச் சோதனைப் பதிவேட்டில் பதிவு. ஒவ்வொரு குழுவும் எப்போதாவதுதான் கூடும், கூடினால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பும். அதனால் கோர்ஸ் வொர்க் நடக்கும்போதே விண்ணப்பத்தை எழுதி வைத்துவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்தின் தமிழ் பற்றி ஒரு வார்த்தை. பத்திரம் எழுதுபவர் எழுதியது போன்ற வாசகங்களையே பெரும்பாலும் பார்க்கிறேன். உங்கள் அம்மாவிடம் அதை வாசித்துக் காட்டுங்கள். "அதுக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டால் மாற்றி எழுதுங்கள்.

செல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள்) வைத்து வேலை செய்பவர்கள் அது உண்மையிலேயே அந்த செல்தானா என்று எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளச் சோதனையிலும், மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றியிருக்கிறதா என்றும் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். பக்கத்து ஆய்வகத்தில் கடன் வாங்கிய செல் என்றால் கட்டாயம் பாருங்கள். வேகமாகப் பெருகும் ஹீலா என்ற புற்றுநோய் செல் கலந்து வீணான ஆய்வுகள் உலகெங்கும் ஏராளம்.

அப்புறம் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்), ஆய்வேடு, வைவா (வாய்மொழித் தேர்வு). யுஜிசியின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. ஆய்வேட்டைக் கைடு தவிர குறைந்தது 2 வெளித் தேர்வாளர்கள் பார்ப்பார்கள். கவனமான தேர்வாளர் அனுமதிக் கடிதத்தையும் முடிவுகள் அத்தியாயத்தையும் பக்கத்தில் வைத்துப் படிப்பார். கடிதத்தில் 60 நோயாளிகள், அட்டவணையில் 90 என்றால் வைவாவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எண்ணிக்கை கூடப்போகிறது என்று தெரிந்தால், கூடுதல் மாதிரியை எடுப்பதற்கு முன்பே திருத்த அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தையும் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.