தோடிக்கு ஆட்டோ-ட்யூன் போடாதீங்க

மிக்ஸிங் இன்ஜினியரா 15 வருஷம் ஓட்டியாச்சு, இப்பல்லாம் மாசத்துக்கு ரெண்டு பேராவது கர்நாடக சங்கீதத்துல எலக்ட்ரானிக் கலந்து ஒரு பாட்டோட வர்றாங்க, சந்தோஷம்தான், ஆனா நெறைய ஃபைல்ல ராகம் எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே செத்துப் போயிருக்கு. கொன்னது சிந்தசைஸரும் இல்ல, பீட்டும் இல்ல, சாஃப்ட்வேர்ல யாரும் தொடாம விட்ட டீஃபால்ட் செட்டிங்.

போன மாசம் ஒரு பொண்ணு தோடி ராக ஆலாபனை கொண்டு வந்துச்சு, அஞ்சரைக் கட்டை சுருதி, அருமையான குரல், வேற ஒரு ஸ்டுடியோல பாடினது. போட்டுக் கேட்டா காந்தாரம் படிக்கட்டு எறங்கற மாதிரி டக் டக்னு வருது. தோடி காந்தாரம் ஒரு எடத்துல நிக்காதுங்க, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல ஆடறதுதான் அதுக்கு உயிரே, ஆட்டோ-ட்யூன்ங்கற சுருதி திருத்தற சாஃப்ட்வேர் அந்த ஆட்டத்த தப்புன்னு நெனச்சு பக்கத்துல இருக்கற கீபோர்டு கட்டையில கொண்டு போய் ஒட்டிடுது. (ஹார்மோனியத்துல கமகம், அதாவது இந்த மாதிரி ஆட்டம், வராதுன்னுதான் அந்தக் காலத்துலயும் சண்ட, 1940-ல ஆல் இந்தியா ரேடியோ தடையே போட்டுச்சு.) ட்யூன் பண்ணாத டேக் இருக்கான்னு கேட்டேன், அழிச்சுட்டாங்களாம். அதனால ஸ்டுடியோ விட்டு கெளம்பறதுக்கு முன்னாடி ட்யூன் பண்ணாத ஒரிஜினல் டேக்க பென்டிரைவ்ல வாங்கிடுங்க, கூச்சப்படாதீங்க.

அடுத்து பேட், அதான் பின்னாடி நீளமா ஓடற சிந்தசைஸர் சத்தம். தம்புராவ நல்லா சேத்தா அதுக்குள்ளயே அந்தர காந்தாரம் தானா கேக்கும், அது சட்ஜத்துலேர்ந்து 386 சென்ட் (கீபோர்டுல ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவுல 100 சென்ட்), கீபோர்டுல அதே காந்தாரம் 400. அந்த 14 சென்ட் இடிக்கறதத்தான் "ஏதோ ஒட்டலயே சார்"னு சொல்றீங்க. நான் பேட்ல காந்தாரத்த தூக்கிட்டு வெறும் ச, ப மட்டும் விட்டுடுவேன், முக்கால்வாசி பிரச்சினை அங்கயே முடிஞ்சிடும்.

கிக் டிரம்மும் அப்படித்தான். மிருதங்கத்த சுருதிக்கு சேக்கறோம்ல, கிக்க மட்டும் ஏன் அப்படியே விடணும்? அஞ்சரைக் கட்டைக்கு கீழ சட்ஜம் சுமார் 52 ஹெர்ட்ஸ், கிக்க அங்க கொண்டு வந்து வெச்சுட்டு, மிருதங்கத்தோட தொப்பிக்கு (எடது பக்கம்) அந்த ஹெர்ட்ஸ்ல சத்தத்த கொஞ்சம் வெட்டுங்க, ரெண்டும் தனித்தனியா கேக்கும்.

ஏழு எண்ணிக்கை வர்ற மிஸ்ர சாப்பு தாளப் பாட்ட நாலு நாலா வெட்டின லூப்புக்குள்ள திணிக்கறவங்கள பத்தி தனியா ஒரு நாள் திட்டறேன்.

அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழம வருது, ஆலாபனைய முதல்லேர்ந்து பாடப் போகுது, தம்புராவ மட்டும் ஹெட்ஃபோன்ல குடுத்து, தாளத்துக்கு வெக்கற க்ளிக் இல்லாம.