மே மாதக் குஞ்சுகளில் பெண்களைக் காணோமே, ஏன்?

இரண்டடித் தொட்டியின் மூலையில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஓரத்தில் உடைத்துவிட்ட சின்ன வாசலில் ஐந்து சென்டிமீட்டர் நீளப் பெண் மீன் ஒன்று நிற்கிறது. நேற்று வரை மங்கலான சாம்பல் நிறம். இன்று காலை எலுமிச்சை மஞ்சள், அதன்மேல் மை தொட்டு வைத்தது போலக் கறுப்புப் பொட்டுகள். கண்ணாடிப் பக்கம் விரலைக் கொண்டுபோனால் ஓடி ஒளியாமல் விரலை நோக்கியே பாய்கிறது. உள்ளே, கொட்டாங்குச்சியின் கூரையில் முட்டைகள் ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம்.

இதன் பெயர் அப்பிஸ்டோகிராமா காக்கட்டுவாய்டஸ். ஆணின் முதுகுத் துடுப்பில் முன்பக்க முட்கள் காக்கட்டூ கிளியின் கொண்டை போல நீண்டு நிற்பதால் வந்த பெயர். சொந்த ஊர் பெரு நாட்டின் அமேசான் பகுதி, இலைச் சருகு படிந்த ஆழமில்லாத ஓடைகள். ஆண் எட்டு சென்டிமீட்டர் வரை வளரும். நம் ஏரிகளில் பிடிபடும் ஜிலேபி மீனும் இதே சிக்லிட் குடும்பம்தான், உருவத்தில்தான் இது குட்டி. ஜிலேபியின் பெயர் இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.

இந்த ஜோடி என்னிடம் முதலில் குஞ்சு பொரித்தது ஒரு டிசம்பரில். வளர்ந்த பிறகு பார்த்தால் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அடுத்தது மே மாதம். அதே தாய், அதே தகப்பன், அதே தொட்டி. பிழைத்து வளர்ந்த 18 குஞ்சுகளில் 16 ஆண். தற்செயல் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை.

மனிதர்களில் ஆணா பெண்ணா என்பது கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் எழுதப்பட்டுவிடுகிறது. அப்பிஸ்டோகிராமா (சுருக்கமாக அப்பிஸ்டோ) மீன்களில் அந்த முடிவு கொஞ்சம் தள்ளிப்போகிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சின் இனப்பெருக்க உறுப்பு முதல் சில வாரங்களுக்கு எந்தப் பக்கமும் சாயக்கூடிய நிலையில் இருக்கிறது. அந்த நாட்களில் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது அதைச் சாய்க்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் என்ற இருவர் 23, 26, 29 டிகிரி செல்சியஸில் குஞ்சுகளை வளர்த்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். 30க்கும் மேற்பட்ட அப்பிஸ்டோ இனங்களில் ஒரே போக்கு: சூடு ஏற ஏற ஆண்கள் கூடுகிறார்கள், குளிரக் குளிரப் பெண்கள்.

சூடு உடம்புக்குள் என்ன செய்கிறது? இங்கேதான் ஜிலேபி உதவுகிறது. மீன்களில் அரோமட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனை எடுத்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு கிடைத்தால் அந்த உறுப்பு சினைப்பையாகும், கிடைக்காவிட்டால் விந்தகமாகும். நைல் ஜிலேபிக் குஞ்சுகளை 35 டிகிரி சூட்டில் வைத்தால் இந்த நொதிக்கான மரபணு அடங்கிப்போகிறது. மரபணுப்படி பெண்ணாக வேண்டிய குஞ்சுகளிலும் பல ஆணாகவே வளர்கின்றன. அப்பிஸ்டோவிலும் சூடு இதே வழியில்தான் வேலை செய்கிறது என்று கருத நியாயம் இருக்கிறது. எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது இதுதான். ஒரு உயிர் ஆணாவதும் பெண்ணாவதும் சில டிகிரி வித்தியாசத்தில் நிற்கிறது.

சரி, மே மாதத்தில் என்ன செய்வது? அறைக்குள்ளேயே தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொட்டுவிடும். ஐஸ் கட்டி போடக்கூடாது. சட்டென்று குளிர்ந்து மறுபடி சூடாகும் அந்த ஏற்ற இறக்கம் மீனைப் படுத்திவிடும். மேல் மூடியை எடுத்துவிட்டு, சின்ன மின்விசிறி ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் வீசும்படி வைத்தால் போதும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்: ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குறையும் தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இந்த உப்பு விஷயம் முக்கியம். அமேசான் ஓடைகள் பலவற்றில் மழைநீர் போல மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட தண்ணீர். நம் போர் தண்ணீரில் பைகார்பனேட் என்ற உப்பு அதிகம். பிஎச் (அமிலம் கூடினால் இந்த எண் இறங்கும்) குறைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால், அந்தப் பைகார்பனேட் அமிலத்தை விழுங்கிவிட்டு மறுநாளே பிஎச்சைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். நடுவில் அல்லாடுவது மீன். அதனால் முதலில் ஆர்.ஓ. தண்ணீரையோ சுத்தமான மழைநீரையோ கலந்து பைகார்பனேட்டைக் குறைக்க வேண்டும். அப்புறம்தான் இலை. நம் தெருக்களில் நிற்கும் வாதாங்கொட்டை மரத்தின் காய்ந்து பழுத்து விழுந்த இலையைக் கழுவிப் போட்டால் தண்ணீர் டீ நிறமாகும். அதிலிருந்து இறங்கும் டானின்கள் கொஞ்சம் அமிலம் சேர்க்கும். மட்கும் இலையில் படரும் நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் நாள் முழுக்கக் கொத்தித் தின்னும்.

புதுத் தொட்டியில் உடனே மீன் விடாதீர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். தரையில் மெல்லிய மணல் போடுங்கள், கூழாங்கல் வேண்டாம். இந்த மீன் வாய் நிறைய மணலை அள்ளி, இரையைச் சலித்து வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாக வெளியே விடும்.

முட்டையிட்ட எட்டு பத்து நாளில் தாய் குஞ்சுகளை வெளியே கூட்டிவரும். புகைபோல ஒரு கூட்டம் அதன் வயிற்றுக்குக் கீழே மிதக்கும். ஆபத்து என்றால் தாய் உடம்பை ஒரு வெட்டு வெட்டும். அத்தனை குஞ்சும் அந்த நொடியே மணலில் அமர்ந்து அசையாமல் கிடக்கும். அதே நேரம் தாயின் கறுப்புப் பொட்டுகள் அடர்ந்து கறுக்கும். தோலில் உள்ள நிறமிச் செல்களை நரம்புகளே நேராக இயக்குவதால் இத்தனை வேகம்.

இந்த மே மாதம் மின்விசிறி ஓடியது, தண்ணீர் 28ஐத் தாண்டவில்லை. அப்போது பொரித்த குஞ்சுகளுக்கு இப்போது பத்தாவது வாரம். பெண்ணாக இருந்தால் வயிற்றுத் துடுப்பின் முன் ஓரம் கறுக்கும். நேற்று மாலை, வெளிச்சம் சாய்ந்து விழும் நேரத்தில், ஆறு குஞ்சுகளிடம் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தேன்.