மூளைக்கு முன்னால் நின்றுவிடும் துளைக்கருவி

துருக்கியின் அமாஸ்யா நகரத்து மருத்துவர் ஷெரஃபெத்தின் சபுன்ஜுவோலு, 1465இல் ஓர் அறுவை மருத்துவ நூலை எழுதி முடித்தபோது அவருக்கு வயது எண்பது. அந்தப் பகுதியில் மருத்துவ நூல்கள் பெரும்பாலும் அரபியிலேயே இருந்த காலத்தில் அவர் துருக்கி மொழியில் எழுதினார். காரணத்தையும் அவரே சொல்கிறார்: அனடோலியாவில் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) மக்கள் பேசுவது துருக்கி, அறுவை செய்பவர்களில் பலருக்கு எழுத்தே தெரியாது, தெரிந்தவர்களும் துருக்கி நூல்களைத்தான் படிக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, சிகிச்சை நடப்பதைக் காட்டும் வண்ணப் படங்களையும் நிறையச் சேர்த்தார். சூடு வைக்கும் கம்பியோடு மருத்துவரும் நோயாளியும் ஒரே படத்தில் இருப்பார்கள்.

நூலின் பெரும்பகுதி சொந்தச் சரக்கு அல்ல. சுமார் 450 ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த அல் ஸஹ்ராவியின் அரபு நூலைத்தான் அடித்தளமாக வைத்து, அதன்மேல் தன் அனுபவத்தைச் சேர்த்தார்.

அந்த மரபில் என்னை மிகவும் கவர்வது மண்டையோட்டு முறிவுக்கான சிகிச்சைதான். அடிபட்டு நொறுங்கிய எலும்பு மூளையை அழுத்தினால் அதை எடுத்தாக வேண்டும். முறிவைச் சுற்றி வரிசையாகத் துளையிட்டு, துளைகளுக்கு இடைப்பட்ட எலும்பைச் சிற்றுளியால் வெட்டி, துண்டைக் கவனமாகத் தூக்குவார்கள். சிக்கல் துளையிடுவதில்தான். பெரியவர்களின் மண்டையோடு சராசரியாக 6, 7 மில்லிமீட்டர் தடிமன். காதுக்கு முன்னால் உள்ள நெற்றிப்பொட்டுப் பக்கம் இன்னும் மெலிது. அதற்கு நேர் கீழே மூளையின் வெளிச்சவ்வு. கை ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் முனை சவ்வைக் கிழித்துவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. துளைக்கருவியின் கூர்முனைக்குச் சற்று மேலே ஒரு வளையத் தடிப்பு. முனை உள்ளே போகும்; தடிப்பு எலும்பின் மேல் முட்டி நின்றுவிடும். சரி, எல்லோருக்கும் எலும்பு ஒரே தடிமனா? இல்லை. ஆகவே வெவ்வேறு முனை நீளத்தில் பல கருவிகளை வைத்துக்கொண்டு, ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்றதை எடுக்க வேண்டும். எலும்பின் தடிமனை மருத்துவர் தவறாகக் கணித்தால் தடிப்பு இருந்தும் பயனில்லை.

இன்றைய மின் துளைக்கருவியில் அந்தக் கணிப்பே தேவையில்லை. எலும்பு எதிர்த்து அழுத்தும் வரைதான் உள்ளிருக்கும் கிளட்ச் முனையைச் சுழல விடும். எலும்பைத் தாண்டியதும் எதிரழுத்தம் போய்விடும், கிளட்ச் விலகும், சுழற்சி தானாக நிற்கும்.

அதற்காக, நவீன நரம்பியல் அறுவை இந்த நூலிலிருந்துதான் பிறந்தது என்று மார்தட்ட முடியாது. அச்சேறாமல் கையெழுத்துப் பிரதிகளாகவே கிடந்த நூல் அது. இஸ்தான்புல்லில் இரண்டும் பாரிஸில் ஒன்றும் இருக்கின்றன. மருத்துவ உலகம் அதைக் கவனித்தது 20ஆம் நூற்றாண்டில்தான். நவீன மூளை அறுவையில் பெயர் பெற்ற துருக்கியர் உண்டு, ஆனால் அது வேறு கதை: 1967இல் துருக்கியரான மூளை அறுவை மருத்துவர் காஸி யாஷார்கில், நுண்ணோக்கியின் கீழ் மூளை ரத்தக் குழாய்க்கு மாற்றுப்பாதை தைத்தார்; அந்த அறுவை நடந்த இடம் சுவிட்சர்லாந்தின் சூரிச்.