ஜாவா என்று தட்டினால் எந்த ஜாவா ஓடுகிறது?

"உபுண்டுவில் ஜாவா 21 நிறுவினேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் பதிப்பைக் கேட்டால் இன்னும் 17 என்றே காட்டுகிறது. மறுபடி நிறுவினேன், ரீஸ்டார்ட்டும் செய்து பார்த்தேன். ஏன் மாறவில்லை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

டெர்மினலில் ஒரு கட்டளையைத் தட்டினால், கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல் என்ன செய்யும் என்பது பலருக்கும் தெரியும். பாத் என்ற மாறியில் வரிசையாக இருக்கும் டைரக்டரிகளை இடமிருந்து வலமாகத் தேடும். அந்தப் பெயரில் இயங்கக்கூடிய கோப்பு முதலில் எங்கே கிடைக்கிறதோ, அதை ஓட்டும். அவ்வளவுதான். 'இதுதான் டீஃபால்ட் பதிப்பு' என்று ஷெல்லிலும் எழுதி வைக்கவில்லை, இயங்குதளத்தின் மையமான கர்னலிலும் எழுதி வைக்கவில்லை.

அப்படியானால் 17 எங்கிருந்து வருகிறது? /யூஎஸ்ஆர்/பின்/ஜாவா என்ற கோப்பை எல்எஸ் கட்டளையால் விரிவாகப் பார்த்தால், அது நிரலே இல்லை, வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு, அதாவது ஒரு சிம்லிங்க் என்று தெரியும். அது /ஈடிசி/ஆல்டர்நேட்டிவ்ஸ்/ஜாவா என்பதைக் காட்டும். அதுவும் சிம்லிங்க்தான். அங்கிருந்துதான், ஜாவா பதிப்புகள் நிறுவப்படும் ஜேவிஎம் டைரக்டரிக்குள் இருக்கும் உண்மையான நிரலுக்குப் போக முடியும்.

சிம்லிங்க் 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளத்திலேயே இருந்தது. இன்னொரு கோப்பின் பாதை அதற்குள் வெறும் எழுத்துகளாக இருக்கும், வேறெதுவும் கிடையாது. அதனால்தான் எல்எஸ் காட்டும் பட்டியலில் அதன் அளவு, பாதையில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கையாகவே இருக்கிறது. முதல் இணைப்பு 22 பைட். ஜாவாவின் திறமூல வடிவமான ஓபன்ஜேடிகே 17-இன் முழுப் பாதையைத் தாங்கும் இரண்டாவது 43 பைட். பாதைகளை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள், சரியாக வரும்! லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் இன்னும் அழகான ஒரு விஷயம் நடக்கிறது. ஒவ்வொரு ஐநோடிலும் (ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு), தரவு வட்டில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்க 60 பைட் இடம் உண்டு. சிம்லிங்கின் பாதை 60 பைட்டுக்குக் குறைவாக இருந்தால், அந்த எழுத்துகளே அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தனியாக ஒரு டிஸ்க் பிளாக்கே தேவையில்லை. நம் இரண்டு இணைப்புகளும் அந்த வகைதான். கர்னல் பாதையைப் பின்தொடரும்போது ஐநோடைப் படித்ததுமே அடுத்த முகவரியும் கையில் கிடைத்துவிடுகிறது. சுற்றிச் சுற்றி வரும் இணைப்புகளில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, 40 சிம்லிங்க்குக்கு மேல் அது போகாது.

சரி, ஒரே இணைப்பு போதாதா, நடுவில் இன்னொன்று எதற்கு? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். யூஎஸ்ஆர் டைரக்டரி பேக்கேஜ்களின், அதாவது நிறுவும் மென்பொருள் தொகுப்புகளின் இடம். நிறுவலும் நீக்கலும் அங்கே நடந்துகொண்டே இருக்கும். ஈடிசி என்பது கணினியை நிர்வகிக்கும் மனிதரின் முடிவுகள் இருக்கும் இடம். 'எந்த ஜாவா' என்பது மனிதரின் முடிவு. அதனால், உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் அந்த இணைப்பை அங்கே வைத்தார்கள்.

வாசகரின் கேள்விக்கு விடையும் இங்கேதான். இந்த இணைப்புகளை நிர்வகிக்கும் அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ், ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு முன்னுரிமை எண்ணை வைத்திருக்கிறது. ஓபன்ஜேடிகே 17-க்கு 1711, 21-க்கு 2111. தானியங்கி நிலையில் இருந்தால் பெரிய எண் வெல்லும், 21 தானாகவே வந்திருக்கும். வரவில்லை என்றால், எப்போதோ யாரோ 17-ஐக் கையால் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் பொருள். கையால் தேர்ந்தெடுத்ததைப் புதிய பேக்கேஜ் எதுவும் மாற்றாது. அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸைக் கான்ஃபிக் என்ற விருப்பத்தோடு ஓட்டினால் வரும் பட்டியலில் ஒரே பாதை இரண்டு முறை தெரிவதும் இதனால்தான்: 0 என்ற வரி தானியங்கி நிலை, மற்ற எண்கள் நம் சொந்தத் தேர்வு. வாசகர் 0-வைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

மாற்றும்போதும் பழைய இணைப்பை முதலில் அழிப்பதில்லை. புதியதைத் தற்காலிகப் பெயரில் உருவாக்கி, பழையதன் மேல் பெயர் மாற்றி வைக்கிறது. கர்னல் அதை ஒரே வீச்சில் முடித்துவிடுவதால், ஜாவா என்ற பெயர் ஒரு கணம்கூடக் காணாமல் போகாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை.

இத்தனை கவனத்தோடு இதையெல்லாம் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். கணினி ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இப்படிப்பட்ட அடித்தளக் கருவிகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'எதற்கும் ஒருமுறை அழித்துவிட்டு நிறுவிப் பார்' என்ற நம்பிக்கையும் ஒழிய வேண்டும். இணைப்பு எங்கே போகிறது என்று காட்டும் ரீட்லிங்க் கட்டளை இருக்கும்போது அந்தப் பரிகாரம் எதற்கு?

இந்த வித்தையைப் பைத்தானிடம் மட்டும் காட்டாதீர்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் பைத்தான்3 என்ற இணைப்பு ஆல்டர்நேட்டிவ்ஸுக்குள் வருவதில்லை. கணினியின் சொந்தக் கருவிகள் பலவும் அந்தப் பைத்தானை நம்பி ஓடுகின்றன. அவற்றில் சில, குறிப்பிட்ட ஒரு பதிப்புக்கென்றே கம்பைல் செய்த, சி மொழியில் எழுதிய துணை மாட்யூல்களைப் பயன்படுத்துகின்றன. இணைப்பைத் திருப்பிவிட்டால் அவை உடைந்துபோகும். வேறு பதிப்பு வேண்டுமென்றால் அதைத் தனியாக நிறுவி, அதைக்கொண்டே ஒரு வென்வ், அதாவது பைத்தானுக்கான தனிச்சூழல் உருவாக்குங்கள். வென்வ் தன் டைரக்டரியைப் பாத்தின் முன்னால் சேர்ப்பதோடு நின்றுகொள்ளும்.

அப்புறம், ஜாவாவை மாற்றினால் அதன் கம்பைலரான ஜாவாசி தானாக மாறாது, அதற்குத் தனி இணைப்பு உண்டு. மேவன் போன்ற, நிரல்களைக் கட்டித்தரும் கருவிகள் ஜாவா ஹோம் என்ற மாறியில் மதிப்பு இருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.